கல்லு ரேஸும் பிஸ்கட் டின்னும்

இந்த ஞாயிற்றுக்கிழமை கல்லு ரேஸ். ஒரு வாரமாக என் அண்ணன் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடையாய் நடந்துகொண்டிருக்கிறார். எங்கள் தாமான் குடியிருப்பில் அவர் வீடு எனக்குப் பின்வரிசையில் இருக்கிறது. நான் சமையலறைக் கதவைத் திறந்தால் அவர் காயப்போட்ட சட்டை தெரியும். காலையில் வந்து, "அங்க மழை வருமாம் லா" என்கிறார். சாயங்காலம் வந்து, "மழை இல்லையாம், காத்து மட்டுந்தானாம்" என்கிறார். குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றின் அடியில் உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பாவில் ஏதோ ஒரு மூலையில் மழை பெய்யுமா என்று கவலைப்படுகிற ஆட்கள் இந்த ஈப்போவிலேயே நாங்கள் மூன்று பேராகத்தான் இருக்கும். அண்ணன், என் வீட்டுக்காரர், நான்.

ஒரு காலத்தில் நாலு பேராக இருந்தோம். நாலாவது ஆள் அண்ணனின் ஒரே மகள். இப்போது ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அப்பனும் மகளும் பழையபடி பேசிக்கொள்வார்களா என்பதுதான் போன வருஷத்திலிருந்து எனக்கு இருக்கிற ஒரே கவலை. அவர்கள் அப்படிப் பேசாமல் போனதற்குச் சண்டைதான் காரணம் என்றால்கூட என் மனசு ஆறியிருக்கும். சண்டை ஓய்ந்துகொண்டுதான் வந்தது. காரணம் ஒரு பிஸ்கட் டின். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

கல்லு ரேஸ் என்பது அண்ணன் வைத்த பெயர். அதற்கு வாயில் நுழையாத வேறு பெயர் உண்டு, அதை நாங்கள் சொல்வதில்லை. ஒரே நாளில் முடிந்துவிடுகிற சைக்கிள் பந்தயம் அது. நல்ல தார் ரோட்டில் போய்க்கொண்டே இருப்பார்கள். திடீரென்று வயல்களுக்கு நடுவே, எந்தக் காலத்திலோ கருங்கல் பதித்த ஒற்றைப் பாதை வரும். அதில் ஏறியதும் பாவம், அத்தனை பேரும் தலையிலிருந்து கால்வரை உதறுவார்கள். டயர் வெடிக்கும். ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவன் அவன் மேலேயே ஏறுவான். தப்பித்தோம் என்று தார் ரோட்டுக்கு வந்தால் கொஞ்ச தூரத்தில் அடுத்த கல்பாதை. மழை பெய்துவிட்டால் சேற்றில் முகமே தெரியாது. அந்தச் சேற்றுக்காகத்தான் அண்ணன் வருஷம் முழுக்கக் காத்திருப்பார்.

அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. நாங்கள் ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். வெட்டிய பாலை வாளியில் ஊற்றி, சைக்கிளில் இரண்டு பக்கமும் மாட்டி ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஆலைக்கு முன்னால் ஓர் ஏற்றம். அங்கே லாரி செம்மண்ணில் புதையக்கூடாது என்று கல் பதித்து வைத்திருந்தார்கள். லாரிக்கு வசதி, சைக்கிளுக்கு எமன். பால் சிந்தினால் அப்பா விடியற்காலையில் எழுந்து வெட்டியதெல்லாம் மண்ணோடு போச்சு. அப்பாவுக்கு முதுகு போன பிறகு அண்ணன்தான் அந்த ஏற்றத்தில் பால் ஏற்றினார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் விழுவாய், லேசாக விட்டால் சைக்கிள் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பார். தோட்டத்தை நினைத்து உருகுகிற ஆள் நான் இல்லை. அட்டைக்கடியும் ஒழுகுகிற கூரையும் யாருக்கு வேண்டும்? இப்போது அங்கே வரிசை வீடுகள் வந்துவிட்டன, நல்லதாய்ப் போயிற்று.

டிவியில் அந்தப் பந்தயத்தை முதலில் கண்டுபிடித்தவள் அவர் மகள். அப்போது தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எதையோ தேடிச் சேனலை மாற்றிக்கொண்டு வந்தவள், "அப்பா, கல்லு மேல சைக்கிள் ஓட்டுறாங்க" என்று கூப்பிட்டாளாம். குளித்துக்கொண்டிருந்தவர் துண்டோடு வந்து நின்றவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு பேரும் நேரலையில் பார்த்தார்கள். அங்கே பகலில் நடப்பது இங்கே முடியும்போது ஊர் அடங்கிவிடும். அண்ணி அப்போது உயிரோடு இருந்தார். "நாளைக்கு ஸ்கூல் இருக்கு, அவள படுக்க விடுங்க" என்று கத்துவார். யார் கேட்டார்கள்? ஒரு வருஷம் காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார வைத்தார் அண்ணன். வண்டிகள் கல்லில் ஏறியதும் இரண்டு பேரும் சோபாவிலிருந்து அரை அடி எழுந்து, கையை லேசாக விட்டுக்கொண்டு ஆடுவார்கள். நானும் என் வீட்டுக்காரரும் முதலில் அதைப் பார்த்துச் சிரிக்கத்தான் போனோம். போகப்போக நாங்களும் எழுந்து ஆட ஆரம்பித்தோம்.

அண்ணி போன பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் படித்து முடித்து, இங்கே ஒரு மின்னணு ஆலையில் சேர்ந்தாள். ஆலைக்காரர்களே அவளை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். அண்ணன் தாமான் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டார். அங்கே போன வருஷமே அவள் கூட வேலை செய்கிற ஒரு பையனை விரும்பினாள். பதிவுத் திருமணம் செய்துகொண்டு, படத்தை அனுப்பி, "அப்பா, கோவிச்சுக்காதீங்க" என்று எழுதினாள்.

பையன் வெள்ளைக்காரன் என்பதில் அண்ணனுக்கு ஒன்றும் வருத்தமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத்தான் கொஞ்சம் இருந்தது. அவருக்குச் சுட்டது வேறு. போன் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்றியே, நான் யாரு உனக்கு? ரோட்டுல போறவனா?" அவளும் அவர் ரத்தம்தானே, மூக்கு மேல் கோபம். "முன்னாடியே சொன்னா வேணான்னு சொல்லியிருப்பீங்க" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. தீபாவளிக்கும் வருஷப் பிறப்புக்கும் எனக்கு வாழ்த்து வரும். "அப்பா எப்படி இருக்காங்க" என்று கடைசி வரியில் இருக்கும். நான் அதை அண்ணனிடம் படித்துக் காட்டுவேன். "உயிரோட இருக்கேன்னு சொல்லு" என்பார். ஆனால் படித்து முடிக்கும்வரை எழுந்து போக மாட்டார்.

அவள் போன மறுவருஷம் கல்லு ரேஸ் வந்தபோது அண்ணன் நேரலை பார்க்கவில்லை. அவர் வேலை செய்கிற ஆலையில் ஷிப்ட் மாறிவிட்டது, திங்கட்கிழமை விடிவதற்குள் ஆலை பஸ் வந்துவிடும், தூங்காமல் போனால் மெஷினில் கையை விட்டுவிடுவேன் என்றார். எங்கள் வீட்டு டிவிப் பெட்டியில் பதிவுக்குப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து மூன்று பேருமாகப் பார்த்தோம். நான் அந்த ஷிப்ட் கதையை அப்படியே நம்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து விழித்திருக்க ஆள் இல்லாமல் அவரால் அதைப் பார்க்க முடியவில்லை என்பது எனக்குப் புரிவதற்கு வருஷங்கள் ஆயின.

பதிவில் பார்ப்பதென்றால் ஒரு சிக்கல். யார் ஜெயித்தான் என்று தெரிந்துவிட்டால் பார்த்து என்ன பயன்? ஈப்போவில் யாரும் இதைப் பற்றிப் பேசப் போவதில்லை. நாசி லெமாக் கடையில் பந்து விளையாட்டைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஆபத்து வந்தது எங்கள் சொந்த ஆட்களிடமிருந்துதான். என் வீட்டுக்காரர் ஞாயிறு காலையில் சைக்கிள் ஓட்டுகிற ஒரு கூட்டத்தில் இருக்கிறார். பழைய தோட்டத்து மண்பாதையில் ஓட்டிவிட்டு ரொட்டி சானாய் தின்றுவிட்டு, போகும்போது இருந்ததைவிடக் கனமாகத் திரும்பி வருகிற கூட்டம். அதில் ஒரு புண்ணியவான், ஜெயித்தவன் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படத்தை திங்கட்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். இந்தப் பந்தயத்தில் பரிசே ஒரு கருங்கல்தான். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மூஞ்சியை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் அண்ணன் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார். சீனப் புத்தாண்டுக்கு யாரோ கொடுத்த தகர டின், மூடி இறுக்கமாக இருக்கும். ஞாயிறு சாயங்காலம் பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் மூன்று பேரும் போனை அணைத்து அதில் போட வேண்டும். திங்கட்கிழமை பார்த்து முடித்த பிறகுதான் மூடியைத் திறக்கலாம். ரேடியோ கூடாது, பேப்பர் கூடாது.

"அவசரம்னா என்னண்ணே பண்றது?" என்று கேட்டேன்.

"அவசரம்னா நேரா வாசலுக்கு வருவாங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் இந்தத் தாமான்லதானே இருக்காங்க."

சரியாகத்தான் சொன்னார் என்று எனக்கும் பட்டது. வாசலுக்கு வர முடியாத ஒருத்தி எங்களுக்கு இருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த டின் எங்களுக்குப் பிடித்துப்போனது. முடிந்துபோன பந்தயத்துக்காக ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருந்தது. திங்கட்கிழமை முழுக்க வாயைக் கட்டிக்கொண்டு திரிவோம். நான் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தா. அன்றைக்கு என் மேசையில் பேப்பர் வந்தால் கவிழ்த்து வைத்துவிடுவேன். பக்கத்து மேசைச் சீனத்தி, "உனக்கு மெசேஜ் போட்டேனே, ஏன் பாக்கல?" என்று கேட்டால், "போன் டின்னுல இருக்கு" என்பேன். அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும்.

போன வருஷமும் அப்படித்தான். அங்கே மழை என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சட்டைகூட மாற்றாமல் வந்தார். என் வீட்டுக்காரர் புந்தோங்குக்குப் போய்க் கச்சாங் பூத்தே வாங்கி வந்திருந்தார். கடலையும் முறுக்கும் கலந்த அந்தப் பொட்டலம் திங்கட்கிழமைக்கு. ஆனால் ஞாயிறே பாதியைத் தின்றுவிட்டார். மூன்று போனையும் அணைத்து டின்னில் போட்டோம். அண்ணன் மூடியை உள்ளங்கையால் தட்டித் தட்டி அழுத்தினார். பதிவு ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு டிவியை அணைத்தோம்.

"மச்சான், இந்த வருஷம் சேறுதான். மூஞ்சியே தெரியாது பாருங்க" என்றார் அண்ணன்.

"யாரு ஜெயிச்சான்னு அவன் அம்மாவுக்கே தெரியாது" என்றார் என் வீட்டுக்காரர்.

சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தோம். நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது தாங்கவில்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்ததும் மூன்று தட்டில் தோசை, நடுவில் கச்சாங் பூத்தே, பந்தயம் தொடங்கியது. நாங்கள் பார்த்ததிலேயே அப்படி ஒரு பந்தயம் இல்லை. கல்பாதை ஒவ்வொன்றும் வாய்க்கால் மாதிரி ஓடியது. முன்னணியில் போனவன் விழுந்தான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். நாங்கள் மூன்று பேரும் சோபாவில் உட்காரவே இல்லை. முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வளைவு வரும். கல் மோசமாக இருக்கிற இடம். மோட்டார் சைக்கிளில் போகிற கேமரா முதலில் அந்த வளைவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கூட்டம். எல்லாரும் ரோட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பெண் மட்டும் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை வைத்திருந்தாள். வண்டிகள் அவள் முதுகை உரசுகிற மாதிரிப் போயின. அவள் திரும்பவே இல்லை.

அண்ணனுக்கு எரிச்சலாகிவிட்டது. "பாரு லா இத. இவ்ளோ தூரம் போயி நிக்கறா, ரேஸு வர்றப்ப போன் பேசிக்கிட்டு நிக்கறா. இதுக்கு வீட்டுல இருந்து தொலைக்கலாம்ல?"

"புருஷனா இருக்கும் மச்சான். இல்லாட்டி இந்த மழையில யாருக்குப் பேசப் போறா?" என்றார் என் வீட்டுக்காரர்.

நானும் சிரித்தேன்.

பந்தயம் முடிந்ததும் அண்ணன் டின்னைத் திறந்தார். முதலில் உயிர் வந்தது என் போனுக்கு. ஞாயிறு சாயங்காலம் அவள் எனக்கு எழுதியிருந்தாள். "அத்தை, நான் இங்க கல்லு ரேஸ் பாக்க வந்திருக்கேன். அப்பாவுக்குச் சொல்லாதீங்க. அவர டிவி முன்னாடியே உக்கார வைங்க. நான் போன் அடிப்பேன்." அதற்கடுத்து, "அத்தை, பாத்தீங்களா?" அதற்கடுத்து, "அத்தை?"

நான் தலை நிமிர்ந்தபோது அண்ணன் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் குரலில் பதிவு செய்து அனுப்பியிருந்ததை, எங்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். காற்றும் மழையும் பின்னால் இரைந்தன. "அப்பா, நான் எங்க நிக்கறேன் தெரியுமா? அந்த வளைவுல. கல்ல தொட்டுப் பாத்தேன்ப்பா. நம்ம நினைச்ச மாதிரி இல்ல, ரொம்ப வழுக்குது. லைவ்ல பாருங்க, வலது பக்கம், மஞ்சள் ரெயின்கோட்டு. அவங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி உங்களுக்கு அடிப்பேன். ரெண்டு பேரும் ஒண்ணா பாக்கலாம். போன எடுங்கப்பா."

அதற்குக் கீழே வரிசையாகத் தவறிய அழைப்புகள். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாள். "பாத்துக்கிட்டே இருந்தும் எடுக்கலல்ல. சரிப்பா."

அண்ணன் ரிமோட்டை எடுத்தார். பின்னால் போக வேண்டியது முன்னால் போனது. என் வீட்டுக்காரர் வாங்கி அந்த வளைவில் கொண்டுபோய் நிறுத்தினார். மஞ்சள் கோட்டு, குனிந்த முதுகு. மழை படாமல் போனை மூடிக்கொண்டிருந்த கை. முகம் தெரியவே இல்லை. அண்ணன் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இவளையா நான் திட்டுனேன்" என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார்.

உடனே கூப்பிட்டார். அங்கே அப்போது மத்தியானம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு செய்தி அனுப்பினார். நான் எட்டிப் பார்த்தேன். "அப்பா போன் டின்ல இருந்துச்சும்மா. லைவ் பாக்கல" என்று இருந்தது. உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை இதை நம்பும்?

அவள் நம்பவில்லை. சில நாள் கழித்துத்தான் போனை எடுத்தாள். அண்ணன் என் சமையலறையில் நின்றுதான் பேசினார். ஷிப்ட், வாட்ஸ்அப், என் வீட்டுக்காரரின் சைக்கிள் கூட்டம், டின் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். சொல்லச் சொல்லப் பொய் மாதிரியே இருந்தது. என் காதிலேயே அப்படித்தான் விழுந்தது. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "சரிப்பா. உடம்பப் பாத்துக்கங்க" என்றாள். கோபித்துக் கத்தியிருந்தால் அண்ணனுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும்.

அண்ணன் போன பிறகு நானே அவளைக் கூப்பிட்டேன்.

"சத்தியமா டின்லதான் இருந்துச்சும்மா. என் போனும் அதுலதான் கெடந்துச்சு. உன் மாமா போனும்."

"அத்தை, அப்பா ஒரு நாளும் லைவ விடமாட்டாரு. எனக்குத் தெரியாதா? காய்ச்சல்ல கெடந்த என்னத் தூக்கிட்டு வந்து உக்கார வச்சவரு அவரு. நீங்க எனக்காகப் பொய் சொல்ல வேணாம். பரவால்ல" என்றாள். குரலில் கொஞ்சம்கூடக் கோபம் இல்லை.

நான் விடவில்லை. மறுநாள் டின்னைப் படம் பிடித்து அனுப்பினேன். மூன்று போனையும் உள்ளே வைத்துப் படம் பிடிக்க மூன்றாவது போன் வெளியே வேண்டியிருந்தது, அதனால் இரண்டுதான் இருந்தன. எனக்கு ஏன் இந்தப் புத்தி? "நல்ல டின் அத்தை" என்று பதில் வந்தது.

அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். "டின்னை விடுங்கண்ணே. நீ இல்லாம எனக்கு லைவ் பாக்கப் புடிக்கல, அதனாலதான் விட்டுட்டேன்னு சொல்லுங்க. அது ஒண்ணு போதும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதெல்லாம் எப்படி லா சொல்றது?" என்றார்.

நான் சொல்லலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அவர் வாயால் வர வேண்டியதை நான் எடுத்துச் சொல்லக் கூடாது என்று நானும் விட்டுவிட்டேன். நான் அப்படி விட்டது சரிதானா என்று இன்றுவரை தெரியவில்லை. இப்போது மாதம் ஒரு தடவை பேசிக்கொள்கிறார்கள். மழையா, வெயிலா, சாப்பிட்டாயா, சரிப்பா. பேசாமல் இருந்த காலத்தில்கூட அவர் கண்ணில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. இப்போது போனை வைத்ததும் கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை.

இந்த வருஷம் டின் கிடையாது. அண்ணன் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். நேரலை பார்க்கப் போகிறாராம். போன் டிவிக்குப் பக்கத்தில் இருக்கும், முழுச் சத்தத்தில். அவள் இந்த வருஷம் போகவில்லை என்று எனக்கு எழுதிவிட்டாள், வேலை இருக்கிறதாம். நான் அவரிடம் சொல்லிவிட்டேன். "தெரியும் லா, எனக்கும் சொன்னா. இருந்தாலும் அந்த வளைவு வர்றப்ப நான் பாக்கணும்" என்றார்.

நேற்று சாயங்காலம் மூன்று பேரும் என் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் எதிலும் கலந்துகொள்ளாமல் இருந்ததால் என் வீட்டுக்காரர் வழக்கம்போல் வம்பிழுத்தார்.

"என்ன மச்சான், போன வருஷம் ஜெயிச்சவனே இந்த வருஷமும் அடிப்பான். பந்தயம் கட்டுறீங்களா?"

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். எந்த வருஷம் எவன் ஜெயித்தான், எந்தக் கல்பாதையில் எவனுக்கு டயர் வெடித்தது, இரண்டாவது வந்தவன் எத்தனை தடவை விழுந்தான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுகிற மனிதர். சத்தம் வெளியே வராமல் உதட்டை மட்டும் அசைத்து எதையோ தேடினார்.

"போன வருஷம் யாரு லா ஜெயிச்சான்?" என்றார்.

என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயைத் திறந்து, அப்படியே என்னைப் பார்த்தார். கடைசி வரை நின்றுகொண்டே பார்த்த பந்தயம் அது. எனக்கும் நினைவில் இல்லை. மூன்று பேர் கையிலும் போன் இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.